இழப்பீடு கோராத விபத்தையும் தெரிவிக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: நான் யீஷூனில் வசிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது, பின்னால் நின்ற தனியார் வாடகைக் கார் ஒன்றின் பம்பரில் உரசிவிட்டேன். அதன் ஓட்டுநர் உள்ளேதான் இருந்தார். காப்புறுதி வரை போகவேண்டாம், நமக்குள் முடித்துக்கொள்வோம் என்றார். பேநவ் வழியாக 350 வெள்ளி அனுப்பினேன்; ‘ஓகே, செட்டில்ட்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டார். என் பம்பரில் இருந்த கோட்டைப் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டேன். அதற்குச் சில நாள் முன்பு ஒரு கடைத்தொகுதியில் நிறுத்தியிருந்தபோது யாரோ என் இடப்பக்கக் கதவைக் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். சரிசெய்ய 480 வெள்ளி கேட்கிறார்கள். இரண்டுக்கும் நான் இழப்பீடு கோரவில்லை, கோரப்போவதும் இல்லை. எனக்கு 50 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சந்தாவில் தரப்படும் கழிவு) இருக்கிறது. கழிவு போக ஆண்டுச் சந்தா 900 வெள்ளி. எக்சஸ் (கோரினால் செலவில் நானே ஏற்கவேண்டிய முதல் பகுதி) 600 வெள்ளி. இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். தெரிவித்தால் சந்தா ஏறிவிடும், பேசாமல் இரு என்கிறார் என் மைத்துனர். தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறார் என் மனைவி. யார் சொல்வது சரி?

அன்புள்ள ஐயா,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் மைத்துனரின் அச்சம் இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் உள்ள அச்சம் என்பதால், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் விதி. சிங்கப்பூர்ப் பொதுக் காப்புறுதிச் சங்கம் 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த வாகன இழப்பீட்டு ஏற்பாட்டின்படி, விபத்து எதுவாக இருந்தாலும், சேதம் கண்ணுக்கே தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்திற்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கோரும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்பதை இந்த விதி பார்ப்பதே இல்லை. இருவரும் பேசித் தனிப்பட்ட முறையில் தீர்த்துக்கொள்வதை அது தடுக்கவும் இல்லை. அப்படித் தீர்த்துக்கொண்டாலும் தெரிவித்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறது. இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு, வழக்கறிஞரின் கடிதம் வந்து விழும்போதுதான் தன் வாடிக்கையாளர் ஒரு விபத்தில் சிக்கினார் என்பதே காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரியவரும் நிலை இருந்தது. அதற்குள் இரண்டு கார்களும் பழுதுபார்க்கப்பட்டிருக்கும். பம்பரில் விழுந்த கீறல் கடிதத்தில் பம்பர், பின்கதவு, விளக்கு என்று வளர்ந்திருக்கும். மறுத்துப் பேச நிறுவனத்தின் கையில் ஒரு படம்கூட இருக்காது.

இனி உங்கள் கேள்வியின் மையத்திற்கு வருகிறேன். தெரிவிப்பது வேறு, கோருவது வேறு. விபத்தைத் தெரிவிப்பதற்காகக் காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்திருக்கும் தகவல் மையத்தில் நீங்கள் நிரப்பும் விபத்து அறிக்கைப் படிவத்தில், உங்கள் சொந்தக் காப்புறுதியில் கோருகிறீர்களா, எதிர்த் தரப்பினரிடம் கோருகிறீர்களா, அல்லது தெரிவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால், அந்த அறிக்கையினால் மட்டும் உங்கள் என்சிடி குறையாது. என்சிடி குறைய வேண்டுமானால் உங்கள் காப்புறுதியின் மீது ஒரு கோரிக்கை எழ வேண்டும். அந்தக் கோரிக்கையை நீங்கள்தான் எழுப்ப வேண்டும் என்பதில்லை என்ற இடத்தில்தான் உங்கள் மைத்துனர் கணக்கைத் தவறவிடுகிறார். நீங்கள் ஒரு காசும் கேட்காமல் இருக்கலாம்; எதிர்த் தரப்பினர் உங்கள் நிறுவனத்திடம் கேட்டு, தவறு உங்களுடையது என்று முடிவானால், அதுவும் உங்கள் மீதான கோரிக்கையாகவே எண்ணப்படும். நீங்கள் வாயைத் திறக்காததால் அவர் கேட்பது நின்றுவிடாது.

அப்படியொரு கோரிக்கை வந்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். தனியார் கார்களுக்கு என்சிடி, கோரிக்கையில்லாத ஆண்டு ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்தாக ஏறி, ஐந்தாவது ஆண்டு முடிவில் 50 விழுக்காட்டில் நின்றுவிடும். ஒரு கோரிக்கை வந்தால் அடுத்த புதுப்பித்தலில் 30 புள்ளிகள் இறங்கும். 50 இருந்தவர் 20க்கும், 40 இருந்தவர் 10க்கும் வருவார்கள். 30 அல்லது அதற்குக் கீழ் இருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரே காப்புறுதி ஆண்டில் இரண்டு கோரிக்கைகள் வந்தால் 50 இருந்தவருக்கும் அதே கதிதான். நீங்கள் பாதிக் கழிவுடன் 900 வெள்ளி கட்டுவதால், உங்கள் அடிப்படைச் சந்தா 1,800 வெள்ளி. ஒரு கோரிக்கை வந்து, அடிப்படைச் சந்தா மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் 1,440, அடுத்த ஆண்டில் 1,260, அதற்கடுத்த ஆண்டில் 1,080 என்று கட்டி, நான்காவது ஆண்டில்தான் மீண்டும் 900க்கு வருவீர்கள். கூடுதலாகக் கட்டியது மொத்தம் 1,080 வெள்ளி. அதாவது உங்கள் அடிப்படைச் சந்தாவில் 60 விழுக்காடு. எக்சஸ் தொகை இதற்கு மேல்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. என்சிடி குறைவாக இருப்பவருக்கு இழப்பும் குறைவு என்று நாம் நினைக்கிறோம். கணக்கு எப்போதும் அப்படி வருவதில்லை. 40 விழுக்காட்டில் இருப்பவர் கோரிக்கை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டே 50ஐ எட்டியிருப்பார். கோரிக்கை வந்ததால் 10இல் தொடங்கி மீண்டும் ஏற வேண்டும். உச்சியை எட்டுவதற்குள் அவர் கூடுதலாகக் கட்டுவது அடிப்படைச் சந்தாவின் 100 விழுக்காடு. 30இல் இருப்பவருக்கு அதுவே 140 விழுக்காடு ஆகிறது. அண்மையில்தான் கார் வாங்கிய உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சிறு சேதத்திற்குக் கோரிக்கை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதவுக் கீறலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. பழுதுபார்ப்புச் செலவு 480 வெள்ளி, எக்சஸ் 600 வெள்ளி. கோரினாலும் ஒரு காசும் கிடைக்காது. கோருவதில்லை என்ற உங்கள் முடிவு அங்கே முற்றிலும் சரி. செலவு எக்சஸைத் தாண்டியிருந்தாலும், கீறியவர் யாரென்று தெரியாத நிலையில் அவரிடமிருந்து பணத்தை மீட்க உங்கள் நிறுவனத்திற்கு வழியில்லாததால், உங்கள் சொந்தச் சேதக் கோரிக்கை உங்கள் என்சிடியையே தின்றிருக்கும். என் மீது தவறில்லையே, எனக்கு ஏன் குறைய வேண்டும் என்று இந்த இடத்தில் பலரும் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கழிவு பிழையின்றி ஓட்டியதற்காகத் தரப்படுவதல்ல. கோரிக்கை இல்லாத ஆண்டுக்காகத் தரப்படுவது. எதிர்த் தரப்பினர் யாரென்று தெரிந்து, முழுத் தவறும் அவருடையது என்றால், அவருடைய காப்புறுதியின் மீது கோரலாம். அது உங்கள் என்சிடியைத் தொடாது. இருவருக்கும் பங்கு உண்டு என்றாகும்போது, காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பொறுப்புப் பங்கீட்டு அட்டவணையின்படி உங்கள் பங்கு 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால், பொதுவாக என்சிடி பாதிக்கப்படுவதில்லை.

இனி உங்கள் மைத்துனருக்குத் தரவேண்டிய நியாயத்தைத் தருகிறேன். நீங்கள் கட்டும் சந்தா இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று என்சிடி. அதன் ஏற்ற இறக்க அளவு சந்தை முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மற்றொன்று அடிப்படைச் சந்தா. அதை ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டுநரின் வயது, அனுபவம், தொழில், காரின் வகை, முந்தைய விபத்து வரலாறு ஆகியவற்றைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்கிறது. அதற்கென அரசாங்கம் விதித்த விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. ஆகவே, என்சிடி குறையாது என்பதால் சந்தா ஒரு வெள்ளியும் ஏறாது என்று நான் உறுதி தர முடியாது. தெரிவிப்பதோடு நின்ற ஓர் உரசலைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குறுகிய காலத்தில் ஒருவரே மூன்று நான்கு சம்பவங்களைத் தெரிவித்திருந்தால், சந்தாவை முடிவு செய்யும் அதிகாரி ஒரு கணம் நின்று யோசிக்கத்தான் செய்வார். அப்படி உங்கள் நிறுவனம் சந்தாவை ஏற்றினால், வேறு நிறுவனங்களிடம் விலை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் 50 விழுக்காடும் உங்களுடனேயே வரும். என்சிடி பாதுகாப்பு என்று தனியாக விற்கப்படும் சேர்ப்பு அப்படிப்பட்டதல்ல. ஒரு கோரிக்கை வந்தாலும் உங்கள் 50ஐ அது காப்பாற்றும் என்றாலும், பொதுவாக அதே நிறுவனத்தில் இருக்கும்வரைதான். வேறு இடத்துக்குப் போனால், பாதுகாப்பு இல்லாதிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ அவ்வளவுதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

ஆக, தெரிவிப்பதால் வரக்கூடிய கேடு என்பது அடிப்படைச் சந்தாவில் ஒருவேளை ஏற்படும் சிறிய ஏற்றம். தெரிவிக்காமல் இருப்பதால் வரக்கூடியது என்ன என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்பாட்டின் விதிப்படி தெரிவிக்கத் தவறினால், அந்த விபத்துக்கான பொறுப்பை ஏற்க நிறுவனம் மறுக்கலாம், உங்கள் என்சிடியைக் குறைக்கலாம், புதுப்பிக்கவே மறுக்கலாம். பொறுப்பை ஏற்க மறுப்பது என்றால் என்னவென்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் மூன்றாம் தரப்பு அபாயங்கள் மற்றும் இழப்பீடு தொடர்பான மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியை மட்டுமே. காயம் பட்டவருக்குச் சட்டப்படி பணம் கொடுக்கும் நிறுவனம், நிபந்தனையை மீறிய வாடிக்கையாளரிடமிருந்து அதைத் திரும்பக் கேட்க முடியும். பிறர் வாகனத்துக்கு ஏற்படும் சேதமோ அந்தக் கட்டாயத்துக்குள் வரவே இல்லை. எனவே நிறுவனம் விலகிக்கொண்டால், அந்தத் தொகை முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். என்சிடி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அது முடிந்துபோன விவகாரம், பணம் கொடுத்தாயிற்று என்பீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்தப் பகுதிதான். நீங்கள் உரசியது ஒரு தனியார் வாடகைக் கார். அப்படி ஓடும் கார்களில் கணிசமானவை வாடகை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஓட்டுநர் நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ எடுத்து ஓட்டுபவர். அந்தக் கார் அப்படிப்பட்டதாக இருந்தால், 350 வெள்ளியை நீங்கள் கொடுத்தது காரின் உரிமையாளரிடம் அல்ல. அவர் ‘செட்டில்ட்’ என்று எழுதியது அவரை ஒருவேளை கட்டுப்படுத்தலாம். காரின் உரிமையாளரான வாடகை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. வாடகை முடிந்து கார் திரும்பும்போது நிறுவனத்தின் ஆள் பம்பரைக் குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்பார். பின்னோக்கி வந்த கார் ஒன்று இடித்துவிட்டது என்று ஓட்டுநர் உண்மையைச் சொல்வார். உங்கள் காரின் எண்ணும் அவரிடம் இருக்கும். உங்கள் பெயருக்கோ உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பெயருக்கோ கடிதம் வருவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பழுதுபார்ப்புச் செலவு மட்டுமல்லாமல், கார் பட்டறையில் கிடந்த நாள்களுக்கான பயன்பாட்டு இழப்பும் அதில் சேர்ந்திருக்கும். ஓட்டுநரோ, உள்ளே வேறு யாராவது இருந்திருந்தால் அவரோ, கழுத்து வலி என்று மருத்துவரிடம் போயிருந்தால் அது தனிக் கோரிக்கை. சேதத்துக்கு வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலம் 6 ஆண்டுகள். உடற்காயத்துக்கு 3 ஆண்டுகள். மூன்று வாரம் அமைதியாகக் கழிந்தது என்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

அந்த ஓட்டுநர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் நேர்மையாகவே அந்தப் பணத்தில் பம்பரைச் சரிசெய்திருக்கலாம். உங்கள் பாதுகாப்பை அவருடைய நல்ல குணத்தின் மீது மட்டுமே கட்டிவைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தனிப்பட்ட தீர்வு செய்துகொள்பவர்களுக்காகவே பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் ஏற்பாட்டில் ஒரு படிவம் இருக்கிறது. விபத்து நடந்த நாள், இடம், இரு கார்களின் எண்கள், கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதி, இதற்கு மேல் எந்தத் தரப்பும் எதையும் கோராது என்று இருவரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் நிலையில், கையெழுத்திடுபவர் காரின் உரிமையாளராகவோ, உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உங்கள் காப்புறுதி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆகவே நிறுவனத்திடம் பேசாமல் இப்போது அந்த ஓட்டுநருக்குப் புதிதாக எதையும் எழுதி அனுப்பாதீர்கள். முதலில் அறிக்கை, படிவம் அதன் பிறகு.

மூன்று வாரம் தாமதமாகிவிட்டதே, இனிப் போய் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். தாமதமாக வரும் அறிக்கையை ஏற்பதும் கண்டிப்பதும் நிறுவனத்தின் விருப்பம் என்றாலும், எதிர்த் தரப்பின் கடிதம் வருவதற்கு முன்பு தானாக வந்து சொன்னவரையும், கடிதம் வந்த பிறகு பிடிபட்டவரையும் எந்த நிறுவனமும் ஒரே தட்டில் வைப்பதில்லை. நாளையே உங்கள் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட தகவல் மையம் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது அவர்களுடைய பட்டறைகளில் ஒன்றாகவே இருக்கும். விபத்து நடந்தபோது ஓட்டியவர்தான் போக வேண்டும். இந்த விபத்துக்கு அது நீங்கள். காரையே கொண்டுபோக வேண்டும். அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காரின் நான்கு பக்கங்களையும் படம் எடுப்பார்கள். நீங்கள் பாலிஷ் போட்டு அழித்த கோடு அந்தப் படத்தில் இருக்காது என்பது வருத்தத்திற்குரியது. எதிர்த் தரப்பு பின்னாளில் பெரிய சேதம் என்று சொன்னால், மதிப்பீட்டாளர் இரு கார்களிலும் உள்ள தடங்களின் உயரத்தையும் ஆழத்தையும் வண்ணத்தையும் ஒப்பிட்டுத்தான் அது இந்த மோதலில் ஏற்பட்டதா என்று முடிவு செய்வார். அந்தக் கோடு உங்களுக்குச் சாட்சியாக இருந்திருக்கும். இனி உங்களிடம் எஞ்சியிருப்பது அன்று கைப்பேசியில் ஏதாவது படம் எடுத்திருந்தால் அதுவும், காரில் கேமரா இருந்தால் அதன் பதிவும்தான். காரில் உள்ள கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். மூன்று வாரத்தில் அந்தப் பதிவு அழிந்திருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். பேநவ் பரிமாற்றப் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வெட்டாமல் முழுமையாகக் காட்டுங்கள்.

அறிக்கையில் எழுதுவது நடந்ததாக மட்டுமே இருக்கட்டும். எந்தத் தளம், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், எவ்வளவு மெதுவாக வந்தீர்கள், எங்கே பட்டது, அந்தக் காரில் என்ன தடம் தெரிந்தது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எழுதுங்கள். தேதியை மட்டும் மாற்றி எழுதிவிடலாமே என்று எவராவது யோசனை சொன்னால், அதைச் சொன்னவரிடமிருந்து விலகி நில்லுங்கள். தாமதம் ஒரு நிபந்தனை மீறல், பொய்த் தேதி மோசடி. ஏன் தாமதம் என்ற கேள்விக்கு, தனிப்பட்ட முறையில் தீர்த்துக்கொண்டதால் தெரிவிக்கத் தேவையில்லை என்று எண்ணினேன் என்பது உண்மையான, போதுமான பதில். தெரிவிப்பதற்கு மட்டும் என்ற கட்டத்தில்தான் குறியிட்டிருக்கிறது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில பட்டறைகளில், வந்ததே வந்தீர்கள், இந்தக் கதவையும் சேர்த்துக் கோரிவிடலாமே என்று அன்பாகவே சொல்வார்கள். பட்டறைக்குக் கோரிக்கை ஒரு வேலை. உங்களுக்கு அது 1,080 வெள்ளி. அறிக்கையின் படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுக் கீறலையும் அதே வருகையில் தனி அறிக்கையாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே கதையாக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு இடங்களில் நடந்தவை. இடித்துவிட்டு நிற்காமல் போன விவகாரம் என்பதால் அதற்குப் போலிஸ் புகாரும் தேவை, இணையத்திலேயே செய்துவிடலாம். கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடக் கேமராப் பதிவு இத்தனை நாள் கழித்து இருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. கீறியவரின் எண் கிடைத்துவிட்டால் 480 வெள்ளியை அவருடைய காப்புறுதியிலிருந்து பெற வழி பிறக்கும்.

எதிர்த் தரப்பிடமிருந்து கடிதம் வந்தால் அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். பிரிக்கப்பட்ட உறையோடு அப்படியே உங்கள் நிறுவனத்திற்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே 350 வெள்ளி கொடுத்திருப்பதையும் நினைவூட்டுங்கள். காயம் இல்லாத வாகன விபத்துகளில் 3,000 வெள்ளிக்குக் குறைந்த கோரிக்கைகள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்துக்குச் செல்ல வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. உங்கள் உரசல் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் அடங்கும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் வாகன விபத்துச் சேதத்தை விசாரிப்பதில்லை என்பதால், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புதுப்பித்தலைப் பற்றி இரண்டு விஷயங்கள். அதே நிறுவனத்தில் தொடர்ந்தால், அறிக்கை அவர்கள் கையில் இருப்பதால் நீங்கள் மறைத்ததாகச் சொல்ல எவருக்கும் இடமிருக்காது. வேறு நிறுவனத்துக்கு மாறினால், அதன் விண்ணப்பப் படிவத்தில் உள்ள கேள்வியை ஒரு சொல்லும் விடாமல் படியுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் ஏதேனும் இழப்பீடு கோரினீர்களா என்று மட்டும் கேட்டிருந்தால், இன்றைய நிலையில் இல்லை என்பது உண்மையான பதில். விபத்து அல்லது கோரிக்கை ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தால், உண்டு என்று எழுதி, இரண்டு சம்பவங்களையும் ஓரிரு வரியில் விளக்கி, இழப்பீடு கோரப்படவில்லை என்றும் சேர்த்து எழுத வேண்டும். இணையத்தில் விலை கேட்கும்போது அவசரத்தில் தட்டும் ஒரு பொத்தானும் உங்கள் கையெழுத்துக்குச் சமம். நீங்கள் சொல்லும் என்சிடி சரிதானா என்று புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். மாறிய பிறகு பழைய விபத்துக்காக ஒரு கோரிக்கை வந்து நிலைத்துவிட்டால், உங்கள் கழிவு 50 அல்ல 20 என்று திருத்தி, வித்தியாசத் தொகையைக் கேட்பார்கள். அது நேர்மையானவருக்கும் வரக்கூடியதே. 540 வெள்ளியைக் கட்டினால் தீர்ந்துவிடும். படிவத்தில் பொய் சொல்லியிருந்தால் அந்தக் காப்புறுதியே செல்லாது என்று அவர்கள் சொல்ல முடியும். அதை வெள்ளிக் கணக்கில் அளக்க முடியாது.

இரண்டு மாதம் இருக்கிறது என்று கடைசி வாரம்வரை காத்திராதீர்கள். புதுப்பிக்கும் தேதியன்று எதிர்த் தரப்புக் கோரிக்கை ஏதாவது முடிவாகாமல் நிலுவையில் இருந்தால், முன்னெச்சரிக்கையாகக் குறைந்த என்சிடியைக் கணக்கிட்டுச் சந்தா கேட்கும் நிறுவனங்கள் உண்டு. பின்னர் உங்கள் பக்கம் தீர்ப்பானால் மிகுதியைத் திருப்பித் தருவார்கள். அப்படி ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று புதுப்பித்தலுக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். இல்லை என்று வந்தால், அந்தப் பதிலையும் அறிக்கைப் படிகளையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள்.